பதினொரு செயற்கைக்கோள்களும் ஒரு டேஷ்போர்டு உறையும்

பிப்ரவரி 9, ஞாயிறு

டயர் கடைக்காரர் கொடுத்த இந்த டைரி ஒரு மாதத்துக்கு மேலாகத் தையல் மிஷினுக்கு அடியில் அனாதையாகக் கிடந்தது. இன்றோடு அதற்கு மோட்சம். லாரி சீட்டிலிருந்து மாப்பிள்ளை சோபா வரை தைத்து, கொங்கு மண்டலத்தில் பாதிப் பேரை மெத்தென்று உட்கார வைத்த உடுமலை நாச்சிமுத்துவாகிய நான், இன்று காலை பத்தேகால் மணிக்கு கிளைடர் கிளப் செயலாளர் எட்வின் சார்மீது போர்ப் பிரகடனம் செய்திருக்கிறேன்.

காரணத்தை வருங்காலச் சந்ததிக்காக எழுதி வைக்கிறேன். என் அக்கா மகள் வஞ்சிக்கொடி கால்நடை மருத்துவர். வாரத்தில் ஆறு நாள் எருமைக்கு ஊசி போடுவாள். ஏழாம் நாள் எஞ்சினே இல்லாத கிளைடரில் ஏறி உட்காருவாள். ஓடுபாதையின் மறுமுனையில் நிற்கும் பழைய லாரி எஞ்சின் கம்பியைச் சுருட்டி இழுக்கும்; கிளைடர் காற்றாடி போல எழும்பும்; கம்பியைக் கழற்றிவிட்டு, மேலே கிளம்பும் வெப்பக்காற்றைத் தேடிப் பிடித்துப் பருந்து மாதிரி வட்டமிட்டு உயரம் ஏறுவாள். அப்புறம் சறுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். போன வருடம் மார்ச்சில் இப்படியே கரூர் போய், அங்கிருந்து விராலிமலை போய், திரும்பி வந்தாள். முந்நூற்றைந்து கிலோமீட்டர் முக்கோணம். சொட்டு டீசல் கிடையாது.

ஆனால் விமானம் எங்கெங்கே போனது என்பதை ஜி.பி.எஸ். பெட்டி சொன்னால்தான் கிளப் நம்பும். விராலிமலைத் திருப்பத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் பெட்டியின் கோடு நின்றுவிட்டது. ஒன்பது நிமிடம் கழித்து, திரும்பி வரும் வழியில் மறுபடி முளைத்தது. எட்வின் சார் கிளப் பலகையில் அவள் பெயருக்கு நேரே 'நிரூபணம் இல்லை' என்று எழுதினார். டீக்கொட்டகையில் அதற்கு வேறு உரை எழுதினார்கள்: "பொட்டியை அணைச்சுப்போட்டுப் பாதியிலயே திரும்பிட்டா."

இன்று அவர் சொன்னது: "இந்த சீசன்லயும் பதிவு அறுந்துச்சுன்னா டாக்டர் பேரைத் தொலைதூரம் பறக்குறவங்க பட்டியல்ல இருந்து எடுத்துருவோம். விதி."

"சார், அவ பொய் சொல்ற புள்ளையா இருந்தா, அவங்கம்மா வெக்கிற சாம்பாரை ஒரு தடவையாவது நல்லாருக்குதுன்னு சொல்லியிருப்பா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எழுத்துல குடுங்க" என்றார்.

கொடுக்கிறேன். அந்தப் பெட்டியின் ஆன்டெனாவை எங்கே வைத்தால் வானத்தில் உள்ள அத்தனை செயற்கைக்கோளும் வரிசையில் நின்று வணக்கம் சொல்லுமோ, அங்கே வைக்காமல் என் தலை தலையணையில் சாயாது.

பிப்ரவரி 10

செயலாளருக்கு நான்கு பக்கக் கடிதம். கோடு அறுந்ததற்குக் காரணமானவர்கள்: ஒன்று, காற்றாலைகள். இரண்டு, உயர் அழுத்த மின்கம்பிகள். மூன்று, சீன தேசம். நான்கு, எட்வின் சாரின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் இரண்டு செல்போன்கள். மரகதம் படித்துப் பார்த்தாள். "அஞ்சாவதா உங்க பேரையும் போட்டு வெய்ங்க, எதுக்கும்" என்றாள். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் ஒரு மனைவி கணவனுக்குத் தரும் ஆதரவு இவ்வளவுதான்.

பிப்ரவரி 13

ஆன்டெனா ஒரு மைசூர்பாகுத் துண்டு அளவுதான் இருக்கிறது. கருப்பு. வயர் ஒரு வால். கார் கூரையில் ஒட்டிக்கொள்வதற்காக அடியில் காந்தம். இதை நம்பியா ஒரு பெண்ணின் பெயர் தொங்குகிறது!

இன்று கிளப்புக்கு லீவு நாள். காவலாளியிடம் சொல்லிவிட்டு காக்பிட்டில் இறங்கி ஆராய்ச்சியைத் தொடங்கினேன். முதலில் மூக்குக்குள், கால் வைக்கும் இடத்துக்கு முன்னால் வைத்தேன். பெட்டியின் திரையில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. மூக்குப் பகுதி கார்பன் நாரால் ஆனதாம். அதற்குள் அலை நுழையாதாம். அப்புறம் தலைக்குப் பின்னால் வைத்தேன். ஏழு கிடைத்தது. வஞ்சி உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்ததும் மூன்று. என் தலை அவ்வளவு கனம் பொருந்தியது என்பதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது. கடைசியாகத் திசைமானிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். காந்தம் வேலையைக் காட்டிவிட்டது. வடக்கு திசை பொள்ளாச்சிப் பக்கம் நகர்ந்து போய் உட்கார்ந்துகொண்டது. அந்தத் திசைமானியை நம்பிக் கரூருக்குக் கிளம்பியிருந்தால் வஞ்சி அரபிக்கடலில் இறங்கி மீனுக்கு வைத்தியம் பார்த்திருப்பாள்.

மூன்று இடமும் தோல்வி. நான் சோரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மிச்சம் இருப்பது ஒரே இடம். ஆன்டெனா இதுவரை இருந்த இடத்துக்கே வந்தேன். அதாவது டேஷ்போர்டு, உறைக்கு அடியில்.

அந்த உறையைப் பற்றிச் சொல்லாமல் போனால் சரித்திரம் என்னை மன்னிக்காது. போன வருடம் பொங்கலுக்கு நான் வஞ்சிக்குத் தைத்துக் கொடுத்தது. மேலே கருப்பு ரெக்ஸின். நம்மூர் வெயிலில் கருவிகள் வெந்து போகாமல் இருக்க, உள்ளே பளபளவென்று அலுமினியத் தாள். லாரி கேபின் கூரைக்கு நான் எப்போதும் போடுவதுதான். அப்போது ஆன்டெனா டேஷ்போர்டின் மேல் அசிங்கமாக உட்கார்ந்திருந்தது. என் தொழிலில் வயர் வெளியே தெரிவது வேட்டி அவிழ்ந்து கடைவீதியில் நடப்பதற்குச் சமம். அதனால் அதையும் வாலையும் உறைக்குள் தள்ளி மூடிவிட்டேன். பார்த்தவர்கள் கண் வைத்தார்கள். கடைப் பலகையில் 'விமான உறை நிபுணர்' என்று சேர்த்து எழுதினேன்.

இன்று வயரைச் சரிபார்க்க உறையைக் கழற்றினேன். திரையில் பதினொரு செயற்கைக்கோள். உறையைத் திரும்பப் போட்டேன். நான்கு.

மேகமாக இருக்கும். மறுபடி கழற்றினேன். பதினொன்று. போட்டேன். நான்கு.

காற்றாலைகளின் திசை மாறியிருக்கலாம்.

பிப்ரவரி 17

கடையில் வேலை அதிகம்.

பிப்ரவரி 18

கடையில் வேலை அதிகம். மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து உறையின் உள்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மரகதம் வந்து நின்றாள்.

"ஏனுங்க, நல்லாத்தான இருக்குது? அதைய ஏன் கிழிக்கிறீங்க?"

"பழைய டிசைன். இப்ப உலகமே இதைய உட்டுப்போட்டுது."

"போன வருசம் அந்த வெள்ளித்தாளைக் காட்டித்தான வர்ற சனமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பெருமை பேசுனீங்க?"

ஊசி விரலில் ஏறிவிட்டது. நாற்பத்தாறு வருடத் தொழிலில் முதல் முறை. வீரன் என்றால் காயம் படத்தான் செய்யும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கம்பி மாட்டும் இடத்துக்குப் போகிற வழியில் வஞ்சி டீக்கொட்டகையைத் தாண்டினாள். அவளைப் பார்த்ததும் டீக்கொட்டகையில் பேச்சு நின்றுவிட்டது. ஒருவன் மட்டும், "டாக்டரம்மா, இந்த வருசமாச்சும் பொட்டிக்குப் பேட்டரி போட்டீங்களா?" என்றான்.

"போட்டாச்சு. உங்க மாட்டுக்கு இருக்கற நோப்பாளத்துக்கு ஊசியும் எடுத்து வெச்சிருக்கறேன். மாட்டுக்குப் போடறதா, உங்களுக்கானு யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். சிங்கம்! என் ரத்தம்!

ஆனால் கிளைடருக்கு மறுபக்கம் போய் வெகுநேரம் காக்பிட்டின் கண்ணாடி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

புதிய உறை மாட்டினேன். உள்ளே வெறும் ஃபோம். மேலே நட்டநடுவில், திசைமானியிலிருந்து இரண்டு சாண் தள்ளி, தோலில் ஒரு சின்னக் கழுத்துப்பட்டை தைத்து அதில் ஆன்டெனாவை உட்கார வைத்தேன். காந்தத்தைப் பிடுங்கி எறிந்தாயிற்று. கண்ணாடி மூடி வழியாக வானம் முழுக்க அதன் ராஜாங்கம். கண்ணில் ஒளி அடிக்காமல் கருப்பு நூல். வயர் வெளியே தெரிகிறது. தெரியட்டும். இனி என் தொழிலில் இதுதான் நாகரிகம் என்று அறிவிக்கிறேன்.

வஞ்சி ஏறி உட்கார்ந்து பெட்டியைப் போட்டாள்.

"மாமா! பதினொண்ணு! சாஞ்சு உக்காந்தாலும் பதினொண்ணு!"

"நாச்சிமுத்து கூப்பிட்டா வராம இருக்குமா அம்மிணி?"

"உறையைக்கூடப் புதுசாத் தெச்சிருக்கறீங்க?"

"பழசு நைஞ்சு போச்சு."

பழையது ஒரு வருடத்தில் நைந்து போகும் உறை அல்ல. நான் தைத்த சீட்டில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கிறது. இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 9

மேகம். பறக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சரித்திர நாள்!

காலை பத்தே முக்காலுக்குக் கம்பி இழுத்தது. பதினோரு மணிக்கு அவள் ஒரு புள்ளி. அப்புறம் புள்ளியும் இல்லை. நான் கொட்டகையில் உட்கார்ந்து ஏழு டீ குடித்தேன். மரகதம் எட்டு என்கிறாள். மூன்றே முக்காலுக்கு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கிலிருந்து அல்லவா வருகிறாள்! சத்தமே இல்லாமல் என் தலைக்கு மேலே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கினாள். நான் ஓடிய வேகத்துக்கு எனக்கே தனியாக ஒரு ஓடுபாதை தேவைப்பட்டது.

எட்வின் சார் பெட்டியைக் கணினியில் மாட்டினார். கோடு. கரூர். விராலிமலையைத் தாண்டி அழகாக ஒரு கொண்டை ஊசித் திருப்பம். திரும்பி வீடு. எங்கேயும் அறுபடவில்லை. முந்நூற்றைந்து கிலோமீட்டர். கொட்டகையே கை தட்டியது.

எட்வின் சார் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வாழ்த்துகள் டாக்டர். நேர்மையா பறந்தா பெட்டியும் நேர்மையா பேசுது, பாத்தீங்களா?"

வஞ்சி கையை இழுத்துக்கொண்டாள். "சார், போன வருசமும் நான் அங்க போனனுங்க. பலகையில இருக்கறதை அழிச்சுருங்க."

"எப்படிம்மா அழிக்கிறது? அதே விமானம், அதே பெட்டி, அதே ஆன்டெனா. இன்னிக்கு ஒரு நொடிகூட விடலை. அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் விட்டுச்சு? நானா சொல்லலை, கோடு சொல்லுது."

கொட்டகையில் யாரோ "அதான!" என்றார்கள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆன்டெனா எவ்வளவுக்கு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவுக்கு அவள் போன வருடத்துப் பொய்க்காரி ஆகிறாள். உலகத்திலேயே மிகச் சிறந்த ஆன்டெனாவை நான்தான் பொருத்தினேன்.

மார்ச் 17

வஞ்சி மாலை கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் போனேன்னு நீங்க நம்பறீங்கல்ல?"

"நம்பாம? உசுரையே வெச்சு நம்பறேன்."

"நான் சொன்னதுனாலதான நம்பறீங்க. அது பத்தமாட்டேங்குது மாமா. அன்னிக்கு விராலிமலைக்கு மேல ஒரு குறுகலான வெப்பக்காத்து. ரெக்கையை நல்லாச் சாச்சு, ஒம்போது நிமிசம் அதுக்குள்ளயே சுத்தி மூவாயிரம் அடி ஏறுனேன். கோயில் கோபுரத்தை எண்ணிக்கிட்டே சுத்துனேன். அதைய நானா கற்பனை பண்ணிக்கிட்டனோன்னு எனக்கே இப்பச் சந்தேகம் வருது."

நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். என்னவென்று நினைவில்லை. அவள் சிரிக்கவில்லை. நானும்.

மார்ச் 19

மரகதம் சோறு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அந்த வெள்ளித்தாளை எங்கீங்க போட்டீங்க?"

"எந்த வெள்ளித்தாள்?"

"சேரி. சாப்பிடுங்க."

கொஞ்ச நேரம் கழித்து: "கடைப் பலகையில இருந்து ரெண்டு வார்த்தை போனா கடை ஒண்ணும் இடிஞ்சுராது. அந்தப் புள்ள சோறு திங்கறதில்லைன்னு உங்கக்கா போன் பண்ணுச்சு."

ஆண்டவன் எனக்கு எதிரிகளைக் கொடுத்தால் எட்வின் சார் போதும். மரகதத்தை ஏன் கொடுத்தான்?

மார்ச் 22

நாளை கிளப் கூட்டம். வருடாந்திரப் பலகையைப் பெயின்ட் அடித்து நிரந்தரமாக்கப் போகிறார்கள். 'நிரூபணம் இல்லை' என்பதும் சேர்த்துத்தான்.

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். காற்றாலை, மின்கம்பி, சீன தேசம். எவ்வளவு பெரிய எழுத்தாளன் நான்! எவ்வளவு பெரிய கோழை!

கடையில் புதிய அலுமினியத் தாள் சுருள் ஒன்று இருக்கிறது. ஒரு முழம் வெட்டி மடித்து வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

கூட்டத்தில் இருபத்திரண்டு பேர். பெயின்டர் ஏணியோடு தயார். எட்வின் சார் பேசத் தொடங்கியதும் எழுந்து நின்றேன்.

"நாச்சிமுத்து, எதுவா இருந்தாலும் எழுத்துல..."

"இன்னிக்கு எழுத்துல கிடையாதுங்க. இன்னிக்குக் கையில. எல்லாரும் வெளிய வாங்க. பெயின்டரும் வாங்க."

என் குரலில் இருந்த கம்பீரத்துக்கு ஒரு படையே கிளம்பியிருக்கும். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். கிளைடர் வெட்டவெளியில் நின்றது. பெட்டியைப் போட்டேன். எட்வின் சாரைத் திரையைப் பார்க்கச் சொன்னேன்.

"எத்தனைங்க?"

"பதினொண்ணு."

ஆன்டெனாவைக் கழுத்துப்பட்டையிலிருந்து கழற்றி, போன வருடம் போலவே உறைக்கு அடியில் தள்ளினேன். அலுமினியத் தாளை இரண்டுக்கும் நடுவில் விரித்தேன்.

"இப்ப?"

"நாலு... என்ன தாள் இது?"

"சொல்றனுங்க. நாலு இருந்தாக் கோடு ஓடும், கொறைஞ்சா அறுந்துரும். மொதல்ல ரெக்கையைச் சாயுங்க. நல்லா. தரையைத் தொடற வரைக்கும். நீங்கெல்லாம் வாலைத் தூக்கிக்கிட்டு மெதுவாச் சுத்தித் தள்ளுங்க. வஞ்சி விராலிமலையில சுத்துன மாதிரி."

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், அரிசி மில் முதலாளி, பல் டாக்டர் என்று கிளப்பின் மூத்த உறுப்பினர்கள் எல்லாரும் வெயிலில் கிளைடரின் வாலைப் பிடித்துக்கொண்டு செக்குச் சுற்றினார்கள். கண்கொள்ளாக் காட்சி. எட்வின் சார் திரையைப் பார்த்தபடியே கூடவே நடந்தார். "நாலு. மூணு. ரெண்டு." ஒரு மூச்சு. "ஒண்ணுமே இல்லை." பாதிச் சுற்று முடிந்ததும் "ரெண்டு" என்றார். மறுபடி "இல்லை." நின்றுவிட்டார்.

"போன வருசம் பொங்கல்ல இருந்து இந்தத் தாள் அங்கதான் இருந்துதுங்க" என்றேன். "வெச்சவன் நான். கருவிக்கு வெயில் படக்கூடாதுன்னு வெச்சேன். வயர் தெரிஞ்சா அசிங்கம்னு ஆன்டெனாவை அதுக்கடியில ஒளிச்சு வெச்சேன். அந்தப் புள்ள பொட்டியை அணைக்கலை. நான்தான் அதோட கண்ணைக் கட்டிப்போட்டேன்."

எட்வின் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர், போன வருஷத்துக் கோட்டுக்கு விதிப்படி சான்றிதழ் குடுக்க முடியாது. ஆனா நான் உங்ககிட்ட பேசின பேச்சுக்கு மன்னிப்புக் கேக்கறேன். எல்லார் முன்னாடியும்." நேராக நின்று கேட்டார். அதை மதிக்கிறேன். பிறகு பெயின்டரிடம், "'நிரூபணம் இல்லை' வேண்டாம். 'கருவிக் கோளாறு'ன்னு எழுது" என்றார்.

"கருவி மேல ஏனுங்க பழி போடறீங்க?" என்று குறுக்கே விழுந்தேன். "அது நல்ல கருவி. 'மாமாக் கோளாறு'ன்னு எழுதச் சொல்லுங்க."

விதியில் அப்படி ஒரு சொல் இல்லை என்றார். இல்லையென்றால் விதியைத் திருத்துங்கள் என்றேன். அரை மணி நேரம் விவாதம். பன்னிரண்டுக்குப் பத்து என்ற வாக்குக் கணக்கில் நான் வென்றேன். பெயின்டர் ஏணியில் ஏறி எழுதினார். வெள்ளை எழுத்து. நூறு வருடம் நிற்கும்.

திரும்பியபோது வஞ்சி எனக்கு எதிரே நின்றாள்.

"எப்பக் கண்டுபுடிச்சீங்க மாமா?"

"பிப்ரவரி பதினாறு."

அவள் விரல் விட்டு எண்ணவில்லை. மனக்கணக்கில் கெட்டிக்காரி. "முப்பத்தஞ்சு நாள்" என்றாள். காரில் ஏறிப் போய்விட்டாள்.

மார்ச் 24

வஞ்சி போனை எடுக்கவில்லை.

மார்ச் 25

எடுக்கவில்லை.

மார்ச் 26

கிளப்பிலிருந்து கடிதம். எழுத்தில். 'திரு. நாச்சிமுத்து அவர்கள் கிளப்பின் எந்த விமானத்தின் காக்பிட்டுக்குள்ளும் கை வைக்கக் கூடாது.' நான் எழுதிய எந்தக் கடிதமும் இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு சரியாகவும் இருந்ததில்லை. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். கீழே 'பெருமையுடன்' என்று சேர்த்தேன்.

மார்ச் 28

மரகதம் போன் பண்ணினாளாம். வஞ்சி அவளிடம் பேசினாளாம். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "மாட்டைப் பத்தி" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

கிளப்பின் இன்னொரு கிளைடருக்கும் அதே மாதிரிக் கழுத்துப்பட்டை வேண்டுமாம், செயற்குழு முடிவு. செய்யத் தெரிந்த ஒரே மனிதன் கை வைக்கக் கூடாது என்பதும் செயற்குழு முடிவு. எட்வின் சார் இரண்டு தாள்களையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நிம்மதியாக நான் யாருடைய சங்கடத்தையும் பார்த்ததில்லை.

வஞ்சி வந்தாள். என்னைப் பார்க்காமல், காக்பிட்டில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"ஊசியும் தோலும் குடுங்க. நீங்க வெளிய நின்னு சொல்லுங்க. நான் தெக்கறேன்."

"எருமைத் தோல் வேற, இது வேற அம்மிணி..."

"கையைப் பின்னால கட்டுங்க மாமா."

கட்டினேன். கொங்கு மண்டலத்தையே உட்கார வைத்தவன், இரண்டடி தள்ளி, வெயிலில், கை கட்டி நின்றேன். எங்கே குத்துவது, எங்கே இழுப்பது என்று சொன்னேன். அவள் காயத்துக்குத் தையல் போடுகிற மாதிரியே போட்டாள். ஆன்டெனாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது போல இருந்தது. பதினைந்து தையல். எட்டாவது தையலிலிருந்து வரிசை பொள்ளாச்சிக்குப் போகும் ரோடு மாதிரி வளைந்துவிட்டது.

முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்படி இருக்குது?"

அற்புதம், அபாரம், இந்திரலோகத்தில்கூட இப்படி ஒரு தையல் கிடையாது என்று ஆயிரம் வார்த்தை நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன.

"கோணல்" என்றேன். "எட்டாவதுல இருந்து."

அவள் கத்தரிக்கோலை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.